இடது பெடலில் ஒரு சிவப்புக் கோடு

அந்தத் தையல் தொழிற்சாலையின் வாசலில் பை சோதனைக்கு நிற்கிறவருக்கு அவரைப் பெற்றவர்கள் ஒரு நல்ல பெயர் வைத்துத்தான் இருந்தார்கள். சம்பளம் போடுகிறவரைத் தவிர வேறு யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. எல்லோருக்கும் அவர் எக்ஸ்ரே. மற்ற காவலாளிகள் பைக்குள் ஒரு பார்வை விட்டுவிட்டு "சரி, கிளம்பு" என்பார்கள். எக்ஸ்ரே காலி டிபன் பாக்ஸைக் கையில் வாங்கி எடை பார்ப்பார். தண்ணீர்ப் பாட்டிலை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். வெயில் காலத்தில் யாராவது குடை கொண்டுவந்தால் விரித்துக் காட்டச் சொல்வார். எதற்குக் கொண்டுவந்தாய் என்றும் கேட்பார்.

ஒருமுறை மேற்பார்வையாளர் ஒருவருடைய டீ பிளாஸ்க்கிலிருந்து எலாஸ்டிக் நாடா ஒரு சுருள் உருவி எடுத்தார். அன்றிலிருந்து மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. புதிதாக வேலைக்கு வருகிற காவலாளிகளை உட்காரவைத்துப் பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டார்.

"நான் எடுக்கலைன்னு கத்துறவனைக்கூட ஒரு பக்கம் விட்டுடு. கேட்ட உடனே 'ஆமா, நான்தான்'னு சொல்றான் பாரு, அவனை விடாதே. அவன் வேற யாரையோ காப்பாத்துறான்."

இது வெறும் பேச்சும் இல்லை. பட்டன் பொட்டலம் ஒன்று அகப்பட்டபோது ஒரு பெண் கேட்ட மாத்திரத்தில் "நான்தான்" என்றாள். பொட்டலத்தில் எத்தனை துளைப் பட்டன் இருந்தது என்று எக்ஸ்ரே கேட்டார். அவள் திருதிருவென்று விழித்தாள். கடைசியில் எடுத்தது அவளுடைய தங்கை. இந்தக் கதையை எக்ஸ்ரே சொல்லிச் சொல்லி, கேட்கிறவர்கள் அவர் வாயைத் திறப்பதற்கு முன்பே தங்கை வரைக்கும் வந்துவிடுவார்கள்.

இப்படிப்பட்டவர் தன் சைக்கிளைக் கடையில் விடுவாரா? விடமாட்டார். பஞ்சர் ஒட்டுவது முதல் பெடலைப் பிரித்துக் கிரீஸ் வைப்பது வரை எல்லாம் வீட்டுப் பின்கட்டில், தன் கையால்தான். பெடல் விஷயத்தில் அவர் ரொம்பவே கறார். தினமும் லாரிகள் போகிற சாலையில் இரண்டு பெடலையும் நம்பித்தானே வண்டி ஓடுகிறது.

வார விடுமுறையன்று காலையில் பழைய செய்தித்தாளை விரித்து உட்காருவார். ஸ்பேனரைப் போட்டுப் பெடலைக் கழற்றுவார். வலது பெடலுக்குத் திருகு மரை எல்லா மரையும் போல. இடது பெடலுக்கு மட்டும் தலைகீழ். திறக்கிற பக்கம் திருப்பினால் இறுகும். 'பார்த்தாயா, சைக்கிள் செய்கிறவனே யாரையும் நம்பவில்லை' என்று அதற்கும் ஒரு விளக்கம் வைத்திருந்தார். பிறகு பெடலின் வெளிப்பக்கத்து மூடியைத் திறந்து, உள்ளே இருக்கும் லாக் நட்டையும் வாஷரையும் கழற்றி, கோனைச் சுற்றி எடுப்பார். கோன் என்பது சின்னக் கூம்பு. அதற்கும் பெடலுக்குள் இருக்கும் கிண்ணத்துக்கும் நடுவில்தான் பேரிங் குண்டுகள் உருளுகின்றன. குண்டுகளைத் தட்டில் கொட்டி, மண்ணெண்ணெயில் அலசி, துணியில் ஒற்றி, புதுக் கிரீஸ் தடவித் திரும்ப அடுக்குவார். இதுவரை ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் இதற்கப்புறம்தான்.

கோனை எவ்வளவு இறுக்குவது என்பதுதான் இந்த வேலையின் உயிர். இறுக்கி, அப்புறம் ஒரு துளி தளர்த்தி, அந்த இடத்திலேயே பிடித்துக்கொண்டு லாக் நட்டைப் பூட்ட வேண்டும். பூட்டும்போது அது தானாகவே இன்னும் கொஞ்சம் இறுகும். ஆனால் பெடலைப் பிடித்து ஆட்டும்போது மயிரிழை ஆட்டம் இருந்தாலும் எக்ஸ்ரேயின் முகம் மாறிவிடும். ஆடுகிற எதையும் அவரால் சகித்துக்கொள்ள முடியாது. ஆட்டம் சுத்தமாகப் போகும் வரை கோனை இறுக்குவார். அதன் மேல் லாக் நட்டையும் பல்லைக் கடித்துக்கொண்டு இறுக்குவார். "இப்ப அசையட்டும் பார்க்கலாம்" என்பார். பிறகு குளித்துச் சாப்பிட்டு, மதியம் ஒரு தூக்கம் போடுவார். எழுந்து வந்து பெடலை விரலால் தட்டினால் அது வழுக்கிக்கொண்டு சுற்றும். கைராசி என்று நினைத்துக்கொள்வார்.

ஒரு சின்ன உறுத்தல் உண்டு. தொழிற்சாலையில் இரண்டு மூன்று பேர் தங்கள் சைக்கிளையும் அவரிடம் கொடுத்துப் பார்த்தார்கள். அவையெல்லாம் நாலே நாளில் கரகரவென்று அரைக்க ஆரம்பித்தன. அதே கை, அதே கிரீஸ். "எங்கேயோ கொடுத்துக் கிண்டியிருக்கீங்க, எங்கிட்ட மறைக்கிறீங்க" என்று அவர்கள் மேலேயே பழியைப் போட்டு அனுப்பிவிட்டார்.

கடைக்காரர்கள் மேல் அவருக்கு அப்படி என்ன கோபம் என்றால், அது சொந்தக் கதை. அவர் மனைவியின் அண்ணன் சைக்கிள் கடை வைத்திருப்பவர். கடையும் வீடும் ஒன்றாக, ஒரு மணி நேரம் மிதித்தால் போய்விடுகிற தூரம். எட்டு வருஷத்துக்கு முன்னால் அந்த மச்சான்தான் எக்ஸ்ரேயின் சைக்கிளுக்குப் புதுக் குண்டு போட்டுப் பெடல் சர்வீஸ் செய்து கொடுத்தார். ஒரு மாதம் கழித்து எக்ஸ்ரே பிரித்துப் பார்த்தால், கோனெல்லாம் அம்மைத் தழும்பு போலப் பள்ளம். குண்டுகளில் இரண்டு உடைந்து கிடந்தன. நேராகக் கடைக்குப் போய், ஏழெட்டு வாடிக்கையாளர்கள் நிற்கும்போதே, "புதுசுன்னு சொல்லிட்டுப் பழைய குண்டைப் போட்டு ஏமாத்தியிருக்கீங்களே மச்சான்! சொந்தத் தங்கச்சி வீட்டுக்கேவா?" என்று கத்தினார். மச்சான் அந்தக் கோனைக் கையில் வாங்கிப் பார்த்தார். கூட வந்திருந்த தங்கையை ஒருமுறை ஏறிட்டுப் பார்த்தார். பிறகு, "என் தப்புதான் மாப்பிள்ளை, வேற போட்டுத் தர்றேன்" என்றார்.

தப்பை ஒப்புக்கொண்ட பிறகு கேட்க வேண்டுமா? எக்ஸ்ரே அந்தக் கடைப் படி ஏறுவதையே விட்டுவிட்டார். அவர் போகாத இடத்துக்கு மனைவியும் போகவில்லை. எப்போதாவது அண்ணனும் தங்கையும் போனில் பேசிக்கொள்வார்கள், அவ்வளவோடு சரி.

அந்த அண்ணன் வீட்டிலிருந்துதான் இப்போது சேதி வந்திருந்தது. பெண்ணுக்குக் கல்யாணம். "ரெண்டு பேரும் வரணும்மா. நீ மட்டும் தனியா வந்து நின்னா பார்க்கிறவங்க உன்னைத்தான் கேள்வி கேட்பாங்க. மாப்பிள்ளைகிட்ட நான் கேட்டேன்னு சொல்லு" என்று அண்ணன் சொல்லியிருந்தார்.

அவள் கணவரிடம் சொன்னாள். எக்ஸ்ரே "பார்க்கலாம்" என்றார். அவரைப் பொறுத்தவரை பார்க்கலாம் என்பது பாதிச் சம்மதம். இது அவளுக்குத் தெரியும். பரண் மேலிருந்த பெட்டியை இறக்கித் துடைத்து வெயிலில் வைத்தாள். அன்றைக்கு அவள் இரண்டு முறை பாட்டு முணுமுணுத்ததை எக்ஸ்ரே கவனித்தார். எதற்கு இவ்வளவு சந்தோஷம் என்று யோசிக்கவும் செய்தார்.

அதற்கடுத்த விடுமுறையில் வழக்கம்போல் பெடல் சர்வீஸ் நடந்தது. இந்தத் தடவை ஒரு புது ஏற்பாடு. தொழிற்சாலையில் லாரிக் கதவுப் பூட்டின் மேல் பெயிண்டால் ஒரு கோடு இழுக்கச் சொல்லியிருந்தார்கள். யாராவது திறந்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும். எக்ஸ்ரேக்கு அந்த யோசனை ரொம்பப் பிடித்துப்போயிற்று. வேலைக்காக வேறு ஊரில் தங்கியிருக்கும் மகள் விட்டுப்போன சிவப்பு நெயில் பாலிஷ் அலமாரியில் இருந்தது. அதை எடுத்து, இரண்டு பெடல் மூடிகளிலும் மூடிக்கும் பெடலுக்கும் சேர்த்து மெல்லியதாக ஒரு கோடு இழுத்தார். யார் மேலும் குறிப்பாகச் சந்தேகம் இல்லை. பொதுவாக ஒரு சந்தேகம்.

கோடு நன்றாகக் காயட்டும் என்று அன்று தூங்கி எழுந்த பிறகு பெடலைத் தட்டிப் பார்க்கவில்லை. மறுநாள் காலை வேலைக்குக் கிளம்பும்போது குனிந்து பார்த்தார். வலது பெடலில் கோடு போட்டது போட்டபடி இருந்தது. இடது பெடலில் மூடி மேல் ஒரு துண்டு, பெடல் மேல் ஒரு துண்டு, நடுவில் விரற்கடை தூரம்.

தன் வீட்டுப் பின்கட்டில், தான் உள்ளே படுத்துத் தூங்கும்போது, யாரோ வந்து பெடலைத் திறந்திருக்கிறான்! எதற்கு? நடுச் சாலையில் கழன்று விழட்டும் என்றா? பயத்தோடு ஏறி மிதித்தார். வழியெல்லாம் காலைக் கவனித்துக்கொண்டே போனார். அங்கேதான் குழப்பம். யாரும் தொடாத வலது பெடல் செருப்புக்கடியில் கரகரவென்று அரைத்தது. யாரோ கை வைத்த இடது பெடல் வெண்ணெயாகச் சுற்றியது. திருட வந்தவன் எதையும் எடுக்காமல் சீர்படுத்திவிட்டுப் போவானா? இதில் ஏதோ பெரிய சூழ்ச்சி இருக்கிறது என்று அவர் முடிவு கட்டினார்.

சாயங்காலம் வந்ததும் விசாரணை தொடங்கியது. முதலில் பக்கத்து வீட்டுக்காரர். அவர் வீட்டு மதில் குட்டை.

"நேத்து மதியம் எங்க இருந்தீங்க?"

"வீட்டுலதான். தூங்கிட்டிருந்தேன்."

"யாராவது பார்த்தாங்களா?"

"என் குறட்டை உங்க வீட்டுக்கே கேட்டிருக்குமே சார். கேட்கலைன்னா நீங்களும் தூங்கியிருக்கணும்."

அவரை எக்ஸ்ரே பட்டியலிலிருந்து நீக்கவில்லை. கொஞ்சம் கீழே தள்ளிவைத்தார். மாடியில் குடியிருக்கும் தட்டச்சுக்காரியிடம் ஸ்பேனர் இருக்கிறதா என்று கேட்டார். அவள் "ஸ்டேப்ளர்தான் இருக்கு, வேணுமா?" என்றாள். செய்தித்தாள் போடுகிறவன் அன்றைக்கு வரவே இல்லை. வராததும் சந்தேகமாகத்தான் இருந்தது.

கடைசியில் பின்கட்டில் விளக்கைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து இடது பெடலைப் பிரித்தார். மனைவி சமையலறை வாசலில் கையைத் துடைத்துக்கொண்டு நின்றாள். மூடி வந்தது, நட்டு வந்தது, கோன் வந்தது. ஒரு வாரம் ஓடிய பிறகு பிரித்தால் கிரீஸ் எப்போதும் கறுத்துப்போயிருக்கும். இன்றைக்குக் குண்டுகளைச் சுற்றி இருந்த கிரீஸ் பச்சையாக இருந்தது.

அவருடைய கிரீஸ் மஞ்சள். டப்பா அங்கேயே பக்கத்தில் இருந்தது. பச்சைக் கிரீஸ் வைப்பது யார் என்று அவருக்குத் தெரியும். மச்சான் கடையில் பெரிய வாளி நிறைய அதைத்தான் வாங்கி வைத்திருப்பார்கள்.

"ஓ" என்றார் எக்ஸ்ரே. "அப்படியா விஷயம்."

அவள் முகம் வெளிறிப்போயிருந்தது. "பழைய கிரீஸா இருக்குங்க. முன்ன எப்பவோ..."

"எட்டு வருஷம் முன்னாடி வச்சது இன்னும் இருக்கா? நேத்துக் காலையிலதான் மண்ணெண்ணெயில அலசினேன், இந்தக் கையால. நீ யாரை மறைக்கிற? உங்க அண்ணன் இங்க வந்து போறார். நான் தூங்குற நேரம் பார்த்து வர்றார். நீ கதவைத் திறந்து விடுற."

"சத்தியமா அண்ணன் வரலைங்க."

"கிரீஸ் தானா நடந்து வந்துச்சா? போதும். கல்யாணமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. பெட்டியைத் தூக்கிப் பரண்ல போடு."

அவள் அசையவில்லை. வெயிலில் காய்ந்த பெட்டி கூடத்து மூலையில் திறந்து கிடந்தது. அதில் கல்யாணப் பெண்ணுக்கு என்று வாங்கிய துணி ஒன்றை மடித்து வைத்திருந்தாள். எக்ஸ்ரே அதையெல்லாம் பார்க்கவில்லை. போனை எடுத்து, எட்டு வருஷமாகக் கூப்பிடாத எண்ணைக் கூப்பிட்டார். கையெல்லாம் கிரீஸாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டுத் தரையில் வைத்தார்.

"மச்சான், நான்தான் பேசுறேன்."

"மாப்பிள்ளையா? நல்லா இருக்கீங்களா மாப்பிள்ளை?"

"நலம் விசாரிக்கக் கூப்பிடலை. நேத்து மதியம் என் சைக்கிள் பெடலைக் கழட்டினது யாரு? உள்ள பச்சைக் கிரீஸ் இருக்கு. ஒண்ணு நீங்க வந்திருக்கணும், இல்லை உங்க தங்கச்சி யாரையோ விட்டிருக்கணும். ரெண்டுல எது?"

மச்சான் தயங்காமல் சொன்னார். "நான்தான் மாப்பிள்ளை. அந்தப் பக்கம் ஒரு வேலையா வந்தேன். நீங்க தூங்கிட்டிருந்தீங்க. பெடலைப் பார்த்ததும் கை சும்மா இருக்கலை. தப்புதான். தங்கச்சிக்கு ஒண்ணும் தெரியாது, அவளைத் திட்டாதீங்க. இதை மனசுல வச்சுக்கிட்டுக் கல்யாணத்துக்கு வராம இருந்துடாதீங்க."

எக்ஸ்ரே ஜெயித்துவிட்டார். எழுந்து நின்று கத்த வேண்டிய நேரம். ஆனால் தொழிற்சாலை வாசலில் இத்தனை வருஷம் நின்ற பழக்கம் உள்ளே எங்கேயோ நெருடியது. கேட்ட உடனே சொல்லிவிட்டாரே?

"எந்தப் பெடல் மச்சான்?" என்றார், குரலை இறக்கி.

"ம்? வலது."

"மூடி மேல ஒரு கோடு இருந்திருக்குமே. என்ன கலர்?"

"கோடா... கறுப்புத்தானே மாப்பிள்ளை?"

"சரி. அப்புறம் பேசுறேன்" என்று முழங்கையால் போனை அணைத்தார்.

பிறகு மனைவியை ஏறிட்டு, கூட வேலை செய்கிற காவலாளியிடம் கேட்பதுபோல் கேட்டார். "உங்க அண்ணன் பொய் சொல்றார். வரவே இல்லை. வராதவர் எதுக்கு வந்தேன்னு சொல்றார்? யாரைக் காப்பாத்துறார்?"

கேட்டு முடிப்பதற்குள் அவருக்கே விடை தெரிந்துவிட்டது. தெரிந்தும் நம்ப முடியவில்லை.

அவள் உள்ளே போனாள். அலமாரியில் அவளுடைய தட்டில் பவுடர் டப்பாவுக்குப் பின்னால் இருந்த பழைய முகக் கிரீம் ஜாடியை எடுத்துவந்து, மூடியைத் திறந்து, அவர் முன்னால் வைத்தாள். உள்ளே பச்சைக் கிரீஸ் பாதி தீர்ந்திருந்தது. ஊரில் உள்ள டிபன் பாக்ஸையெல்லாம் தூக்கி எடை பார்த்த மனிதர், தன் வீட்டு அலமாரியில் கண்ணெதிரே இருந்த இந்த ஜாடியை ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. மனைவி மேல் இருந்த நம்பிக்கையால் அல்ல. அவளிடம் ஒளித்து வைக்கும்படி ஏதாவது இருக்கும் என்றே அவருக்குத் தோன்றியதில்லை.

"நான்தாங்க" என்றாள். "எட்டு வருஷமா நான்தான். நீங்க சர்வீஸ் பண்ணிட்டுத் தூங்குவீங்க. நான் திறந்து கொஞ்சம் தளர்த்தி, ஒரு துளி கிரீஸும் வச்சிடுவேன். அண்ணன் கடையில வைக்கிற அதே கிரீஸைத்தான் வெளியில வாங்கி வச்சிருக்கேன். நேத்து இடது முடிச்சேன், அதுக்குள்ள நீங்க இருமிட்டு எழுந்துட்டீங்க. வலதைத் தொட முடியலை."

"உனக்கு எப்படித் தெரியும் இதெல்லாம்?"

"சைக்கிள் கடையில வளர்ந்தவளுக்குத் தெரியாதா? நானும் அண்ணனும் பெடல் குண்டை வச்சுத்தான் கோலி விளையாடினோம். நீங்களே பெடலைப் பிரிக்க ஆரம்பிச்ச புதுசுல உங்ககிட்டச் சொன்னேன், இவ்வளவு இறுக்கக் கூடாதுன்னு. 'உனக்கென்ன தெரியும், போய் வேலையைப் பாரு'ன்னீங்க. போய்ட்டேன்."

அவள் எதிரே தரையில் உட்கார்ந்து தட்டை அவர் பக்கம் தள்ளினாள்.

"இப்ப நீங்க எப்பவும் இறுக்குற மாதிரி இறுக்குங்க."

அவர் குண்டுகளை அடுக்கினார், கோனைப் போட்டார், ஆட்டம் போகும் வரை இறுக்கினார், லாக் நட்டைப் பூட்டினார். "சுத்துங்க" என்றாள். அச்சை விரலால் சுற்றினார். மணலை அரைப்பதுபோல் நெருநெருவென்று வந்தது. அவள் ஸ்பேனரை வாங்கி நட்டைத் தளர்த்தி, கோனை ஒரு துளி திருப்பி, கோன் அசையாமல் பிடித்துக்கொண்டு பூட்டினாள். கொடுத்தாள். அவர் சுற்றினார். விரலுக்கடியில் ஒரு சத்தமும் இல்லை.

அப்போது அவருக்கு அந்தப் பழைய நாள் ஞாபகம் வந்தது. மச்சான் புதுக் குண்டு போட்டுக் கொடுத்த அன்று, வீட்டுக்கு வந்ததும் பெடலைப் பிடித்து ஆட்டிப் பார்த்திருந்தார். லேசாக ஆடியது. அதனால் கொஞ்சம் இறுக்கினார். கொஞ்சம்தான். அதை அவர் இத்தனை வருஷம் கணக்கிலேயே சேர்க்கவில்லை.

"அன்னிக்குக் கோனைக் கையில வாங்கினதுமே அண்ணனுக்குத் தெரிஞ்சிடுச்சு" என்றாள் அவள். "யாரோ இறுக்கியிருக்காங்கன்னு. என்னைப் பார்த்தார். சொல்ல வேண்டாம்னு நான்தான் தலையாட்டினேன். அத்தனை பேர் முன்னாடி உங்க தப்புன்னு சொன்னா நீங்க தாங்க மாட்டீங்கன்னு. அவர் பழியை வாங்கிக்கிட்டார். இன்னிக்கும் வாங்கிக்கிட்டார். எனக்கு வெக்கமா இருக்குங்க. அவர் ஒருத்தரையும் ஏமாத்தினதே இல்லை."

"எங்கிட்ட ஏன் சொல்லலை? எட்டு வருஷம்!"

"சொன்னா, வேற என்னெல்லாம் மறைச்சிருக்கேன்னு தேட ஆரம்பிச்சிடுவீங்க."

எக்ஸ்ரேயின் கண் அந்த நொடியில் அலமாரிப் பக்கம்தான் போயிருந்தது. அதை அவள் பார்த்துவிட்டாள். அவர் அவசரமாகத் தலையைக் குனிந்துகொண்டார்.

"தளர்த்தாம விட்டிருக்கலாமே" என்றார் கடைசியில்.

"பள்ளத்துல இறங்கும்போது பெடல் இறுகி நின்னா என்ன ஆகும்? பின்னாடி லாரி வரும். நீங்க வீட்டுக்கு வர்ற வரைக்கும் நான் வாசலையே பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கணும். அதுக்கு இது சுலபம்" என்றாள். கோபமாகத்தான் சொன்னாள்; கண் நிறைந்திருந்தது.

காலையில் அவள் பெட்டியை மூடிக்கொண்டு கிளம்பினாள். "நாளைக்குக் கல்யாணம். நான் போறேங்க. ரெண்டு பேரும் வரணும்னு அண்ணன் சொன்னார். கேட்கிறவங்களுக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்றாள். போகும்போது பின்கட்டைக் காட்டி, "வலது இன்னும் அப்படியேதான் இருக்கு. இனிமே நான் தொட மாட்டேன்" என்றும் சொன்னாள். எக்ஸ்ரே பேருந்து நிறுத்தம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனார். பேருந்து கிளம்பும்போது அவள் திரும்பிப் பார்ப்பாள் என்று எதிர்பார்த்தார். அவள் பார்க்கவில்லை.

அன்று வேலைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பின்கட்டில் உட்கார்ந்தார். வலது பெடலைப் பிரித்தார். இறுக்கினார், ஒரு துளி தளர்த்தினார், பூட்டினார். ஆட்டிப் பார்த்தார். ஆடியது. கை தானாக ஸ்பேனருக்குப் போயிற்று. இறுக்கினார், அரைத்தது. தளர்த்தினார்; ஆடியது. மதியம் வரைக்கும் இதே கூத்து. அரைப்பதற்கும் ஆடுவதற்கும் நடுவில் அவள் எப்படித்தான் அந்த இடத்தைக் கண்டுபிடித்தாள் என்று ஆச்சரியமாக இருந்தது. அவருக்கு அகப்படவே இல்லை. கடைசியில் கொஞ்சம் ஆடும்படியாகவே விட்டுவிட்டு எழுந்தார். அவர் வாழ்க்கையில் ஆடுகிற ஒன்றை அப்படியே விட்டது அதுதான் முதல் தடவை.

முகம் கழுவி, நல்ல சட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளில் ஏறினார். வழிநெடுக வலது பெடல் ஒவ்வொரு சுற்றுக்கும் லொடுக் லொடுக் என்றது. இறங்கி இறுக்கிவிடலாமா என்று இரண்டு இடத்தில் தோன்றியது. ஸ்பேனர் சட்டைப் பையில்தான் இருந்தது. இறங்கவில்லை.

மச்சான் கடை திறந்திருந்தது. மறுநாள் கல்யாணத்தை வைத்துக்கொண்டும் நாலைந்து பேர் வண்டியோடு நின்றார்கள். உள்ளே வீட்டில் பெண்கள் சிரிக்கிற சத்தம் கேட்டது. மச்சான் நிமிர்ந்து பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். தலை நிறைய நரைத்திருந்தது. பழக்க தோஷத்தில் குனிந்து வலது பெடலைப் பிடித்து ஆட்டினார்.

"கொஞ்சம் ஆட்டம் இருக்கே மாப்பிள்ளை."

"இருக்கு மச்சான்" என்றார் எக்ஸ்ரே. சுற்றி நின்றவர்களை ஒருமுறை பார்த்தார். பை சோதனையில் கூப்பிடுகிற அதே குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். "அன்னிக்கு உங்க குண்டுல ஒரு குறையும் இல்லை. வீட்டுக்குக் கொண்டுபோய் இறுக்கிக் கெடுத்தது நான்தான்."

கடையில் நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மச்சானுக்கு விளங்கியது. உள்கதவில் வந்து நின்ற அவர் தங்கைக்கும் விளங்கியது. கேட்ட உடனே 'நான்தான்' என்கிறவரை நம்பக் கூடாது என்பது எக்ஸ்ரேயின் பாடம். இவர் சொல்வதற்கு எட்டு வருஷம் எடுத்துக்கொண்டார், ஆகவே நம்பலாம்.

"உள்ள போங்க மாப்பிள்ளை. நான் இதைப் பார்த்து வைக்கிறேன்" என்றார் மச்சான்.

எக்ஸ்ரே சைக்கிளை அவர் கையில் விட்டார். சட்டைப் பையிலிருந்த ஸ்பேனரையும் எடுத்து மேஜை மேல் வைத்தார். பிறகு மனைவி நின்ற கதவை நோக்கி நடந்தார். பின்னால் நட்டைக் கழற்றுகிற சத்தம் கேட்டது. என்ன செய்கிறார், எந்தக் குண்டைப் போடுகிறார் என்று ஒரே ஒரு தடவை திரும்பிப் பார்க்க வேண்டும் போல் கழுத்தெல்லாம் துடித்தது. பார்க்காமல் உள்ளே போனார்.